முதலாளி என்ன படிக்கணும்?

வியாபாரத்தில் வளர்வதற்கான புத்தகங்கள் மூன்று ரகம். முதல் ரகத்தின் அட்டையில் கோட்டு போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். இரண்டாவது ரகத்தில் ஏணி, அம்பு, மலை உச்சி, இவற்றில் ஏதாவது ஒன்று நிச்சயம். மூன்றாவது ரகத்தில் தலைப்பிலேயே ஒரு எண் இருக்கும். ஏழு பழக்கம், பத்து ரகசியம், இருபத்தோரு விதி...

ஆபீஸ் போகிறவர்களுக்கு மூன்றும் பழக்கம்தான். மானேஜர் ரூம் கண்ணாடி அலமாரியில் நிற்கும். சிலது மேலுறைகூடப் பிரியாமல் இருக்கும். இன்கிரிமென்ட் கேட்டு உள்ளே போய்க் காத்து நிற்கும்போது பொழுது போக அட்டைகளை வாசிக்கலாம்.

இந்தப் புத்தகங்களை நான் மட்டம் தட்டவில்லை. டேல் கார்னெகி 1936-ல் எழுதியதை இன்னமும் ஜனங்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் அதில் சரக்கு இருக்கிறது. ஆனால் சிதம்பரத்தில் கடை வைத்திருப்பவருக்கு நியூயார்க் கதை மட்டும் போதுமா?

இங்கே எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் இரண்டாவது கடை திறக்க ஆசை. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து பாங்க்கில் பன்னிரண்டு லட்சம் வாங்குவதாக ஏற்பாடு.

"தம்பி, நீ பி.காம். படிச்சவன். வளரணும்னா என்னென்ன புக்கு படிக்கணும்னு சொல்லு" என்று வாட்ஸப்பில் வந்த ஒரு லிஸ்டைக் காட்டினார். பதினோரு புத்தகம். பதினொன்றும் அமெரிக்கா.

"அண்ணே, நம்ம பக்கத்துலயே மூணு இருக்கு" என்றேன்.

முதலாவது, சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊரான சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் எழுதிய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்'. ஆங்கிலத்தில் 1931-ல் வந்தது. கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக்கினார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த வேலை சில நாட்களிலேயே கசந்துபோய், பழைய உத்தியோகத்தையே கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ என்ற பொம்மை செட்டைப் பார்த்தார். நாலைந்து துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் புதுப்புது உருவம். புத்தகங்களை வகை பிரிக்க அவருக்கு யோசனை கிடைத்தது அதிலிருந்துதான். பாருங்கள், ஒரு கடைக்குள் போய்விட்டு எதையும் வாங்காமல் வந்தும் உலகப்புகழ் பெறலாம்!

நூலகப் புத்தகம் முதலாளிக்கு எதற்கு என்கிறீர்களா? அதில் 'புத்தகம்' என்று வரும் இடத்தில் 'சரக்கு' என்றும், 'வாசகர்' என்று வரும் இடத்தில் 'கஸ்டமர்' என்றும் போட்டுப் படியுங்கள். சரக்கு இருப்பது உபயோகத்துக்கு, பூட்டி வைத்து அழகு பார்க்க அல்ல. வருகிற ஒவ்வொருவருக்கும் ஏற்றது ஒன்று கடையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சரக்கும் தனக்கான ஆளைப் போய்ச் சேர வேண்டும். கஸ்டமரின் நேரத்தை வீணடிக்காதே. ஐந்தாவது, இது உயிருள்ள ஜீவன் மாதிரி, வளர்ந்துகொண்டே இருக்கும். எந்த நிர்வாகப் படிப்பில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியும்?

இதில் இரண்டாவது விதியை இன்னொரு ரங்கநாதன் கடலூரிலிருந்து செய்து காட்டினார். சி.கே. ரங்கநாதன். பாட்டில் ஷாம்பு வசதியானவர்களுக்கு மட்டும் என்றிருந்த காலத்தில், கூலி வேலை செய்பவரும் வாங்கும்படி சின்னப் பொட்டலத்தில் அடைத்தால் என்ன என்று யோசித்தவர் அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன். மகன் குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்து, 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்பு ஆரம்பித்தார். எந்தக் கம்பெனியின் காலி சாஷேயானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். ஜனங்கள் அதற்குள் பழகியாயிற்று. பிற்பாடு அது 'கவின்கேர்' ஆனது.

இரண்டாவது புத்தகம், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர். இளம் வயதில் நம்ம பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கம்பெனியின் துணி வியாபாரத்தைக் கவனித்தவர். சொந்தமாகக் கப்பல் விட்டவர். 1736-லிருந்து 1761 வரை, அன்றைய பேச்சுத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, எது வரவில்லை, யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார்கள், ஊரில் என்ன வதந்தி... எல்லாம் உண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் ஆங்கிலேயர்கள் தலைமையிடத்தையே கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். புதுச்சேரிக்குக் கூப்பிடு தூரத்தில் எதிரி! அந்தக் கலவரத்திலும் மனிதர் வியாபாரத்தையும் விடவில்லை, டைரியையும் விடவில்லை. புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்புதான் காலமானார்.

அதிலிருந்து முதலாளி கற்க வேண்டியது ஒன்றே ஒன்று. இன்று நடந்ததை இன்றே எழுது. ஆறு மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து சொல்கிற கணக்கில் நஷ்டம் எப்போதும் குறைவாகவே இருக்கும்.

"மூணாவது?" என்றார் அண்ணன்.

"உங்க கடன் நோட்டு."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தோம். கல்யாணச் சீர் பாத்திரம் வாங்கியவர்கள், ஓட்டல்காரர்கள், சொந்தக்காரர்கள். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கூட்டினோம். ஒன்பதரை லட்சம்! வீட்டை அடமானம் வைத்து வட்டிக்கு வாங்கப் போவது பன்னிரண்டு லட்சம், வட்டியில்லாமல் நோட்டுக்குள் தூங்குவது ஒன்பதரை லட்சம்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அண்ணிகிட்ட சொல்லிடாதே தம்பி" என்றார்.

ஓட்டல்காரர்கள் தவணையாகக் கொடுத்தார்கள். சொந்தக்காரர்களில் இரண்டு பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பாதிக்கு மேல் வசூலாகிவிட்டது. திருப்பாதிரிப்புலியூர் கடை இன்னும் திறக்கவில்லை. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது.

வளர்ச்சி என்றால் இன்னொரு போர்டு மாட்டுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். சீர்காழிக்காரர் உயிருள்ள ஜீவன் என்றாரே, அதை யோசித்துப் பாருங்கள். ஜீவன் வளரும்போது பழைய இலையும் உதிர வேண்டும். இருக்கிற கடையில் எது உதிர வேண்டும், எது யாரைப் போய்ச் சேரவில்லை என்று தெரியாமல் இரண்டாவது கடை திறந்தால் வளர்வது வாடகை மட்டுமே.

இதை உங்கள் முதலாளியிடம் கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இன்கிரிமென்ட் கேட்டு முடித்த பிறகு கொடுங்கள். கடன் நோட்டைப் படித்த மறுநாள் எந்த முதலாளியும் நல்ல மூடில் இருக்க மாட்டார்.