வாடகைக்குப் போன பாஸ்புக்

சைபர் க்ரைம்னு சொன்னா, எங்கேயோ வெளிநாட்டுல முகத்தை மூடிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற ஆள்தான் நமக்கு ஞாபகம் வரும். அந்த ஆளுக்கு அனுப்பம்பட்டுல ஒரு பாஸ்புக் தேவைப்படுது நண்பர்களே. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

என்னிடம் வரும் அம்மா ஒருத்தர். பழவேற்காட்டுல விடியக்காலை இறால், நண்டு எடுத்து அனுப்பம்பட்டு பக்கம் தெருத்தெருவா விக்கிறவங்க. பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட மாட்டாங்க. எப்பவும் 130/80. அன்னைக்கு 190/110. ஈசிஜி நார்மல். மாத்திரையை விட்டுட்டீங்களான்னு கேட்டேன்.

"அதெல்லாம் போடறேன் சார். தூக்கந்தான் வர்ல. பேங்க்ல என் அக்கவுண்ட்ட பூட்டிட்டாங்க."

மகனோட கூட்டாளி ஒருத்தன், "சும்மாதானே கெடக்கு அத்தை, ஒரு மாசம் குடுங்க, 3000 தரேன்"னு பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணையும் வாங்கிட்டுப் போயிருக்கான். ஒருநாள் மதியம் அதுல நாலு லட்சம் வந்து, அரை மணி நேரத்துல வெளியே போயிடுச்சு. வேறு மாநிலத்துல 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு மிரட்டி ஒரு பெரியவர்கிட்ட பிடுங்கின சேமிப்பு அது. (நம்ம சட்டத்துல அப்படி ஒரு கைதே கிடையாது.) அந்த ஊர் போலீஸ் சொல்லி அக்கவுண்ட் முடக்கம். மகளிர் உரிமைத் தொகையும் அதுலதான் விழுது. எடுக்க முடியல.

அவங்க என்கிட்ட கேட்டது இதுதான்: "அந்தப் பெரியவரு உசுரோட இருக்காரா சார்?"

எனக்குப் பதில் தெரியல.

இதுக்குப் பேரு 'மியூல் அக்கவுண்ட்'. மியூல்னா கோவேறு கழுதை. யாரோட சுமைன்னு தெரியாம சுமக்குறது. திருடின பணம் ஒரு அக்கவுண்ட்லேர்ந்து நாலு, நாலுலேர்ந்து இருபதுன்னு பிரிஞ்சு, கடைசியில ரொக்கமாவோ கிரிப்டோவாவோ மாறி எல்லை தாண்டிடும். ஏழை எளியவங்க அக்கவுண்ட் இல்லாம இந்தத் தொழிலே நடக்காது.

போன்ல மிரட்டுறவன்ல பலரும் கூட மாட்டிக்கிட்டவன்தான். தாய்லாந்துல ஐடி வேலைன்னு கூட்டிட்டுப் போய், மியான்மர் மியாவடியில அடைச்சு வச்சு, அடிச்சு உதைச்சு மோசடி செய்ய வைக்கிறாங்க. 2022 அக்டோபர்ல அங்கேர்ந்து தப்பிச்சு 13 தமிழர்கள் சென்னை வந்தாங்க. 2025 மார்ச்ல இந்திய விமானப்படை விமானங்கள்ல ரெண்டே நாள்ல 549 இந்தியர்களைக் கொண்டு வந்தாங்க.

மாரடைப்புக்கு நாங்க 'கோல்டன் ஹவர்'னு சொல்லுவோம். இதுக்கும் அதேதான். பணம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930க்கு அடிங்க. பணம் எந்த அக்கவுண்ட்ல நிக்குதோ அங்கேயே பிடிச்சு வைக்க வாய்ப்பு இருக்கு. வெட்கப்பட்டு ராத்திரி வரைக்கும் யாருக்கும் சொல்லாம இருக்கிறவங்கதான் நிறைய இழக்குறாங்க.

அக்கவுண்ட்டை ஏற்கனவே யாருக்காவது குடுத்திருந்தா, இன்னைக்கே பேங்க்குக்குப் போய் கார்டை பிளாக் பண்ணுங்க. உங்க பேர்ல வாங்கின சிம்மையும் நிறுத்துங்க. முடக்கிட்டாங்கன்னா, எந்த ஊர் போலீஸ், புகார் எண் என்ன, எவ்வளவு தொகைக்குன்னு பேங்க்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. அந்தச் சீட்டு இல்லாம போலீஸ்கிட்ட போனா, எந்த ஸ்டேஷன்னே தெரியாம அலைய வேண்டியதுதான்.