விடுபட்ட பெயர்

கதை என்பது ஒருவர் நெஞ்சில் நெடுநாள் சுமந்து, நம்பத்தக்கவர் என்று கருதியவரிடம் முதன்முதலாக இறக்கி வைக்கும் பொருளாகும். அச்சேறாத கதைக்குக் கேட்டவரே சாட்சி. அச்சாட்சியே அதனைக் கவர்ந்துகொண்டால், சொன்னவர் யாரிடம் சென்று முறையிடுவார்? திரையுலகில் இவ்வினா பழையது. மேடவாக்கத்தில் நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில், இவ்வினாவுக்கு நாங்களே எடுத்துக்காட்டாகிப் போனோம். அதனை இம்மலரில் மறைக்காமல் உரைக்க விழைகிறோம்.

இறுதியாண்டில் நாங்கள் நால்வரும், கதை எழுதும் ஆற்றல் வாய்ந்த நண்பர் ஒருவரும் இணைபிரியாது திரிந்தோம். ஒரு விடுமுறை நாளில் ஐவரும் கூடி 'வெள்ளித்திரை' என்னும் படத்தைக் கண்டோம். 2005இல் மலையாளத்தில் வெளிவந்த 'உதயனாணு தாரம்' படத்தைத் தழுவி, 2008இல் விஜியின் இயக்கத்தில் பிரகாஷ்ராஜ் தயாரித்து நடித்த படம் அது. துணை இயக்குநர் ஒருவர் அரும்பாடுபட்டு எழுதிய திரைக்கதையை, நண்பனாகப் பழகிய துணை நடிகன் கவர்ந்து சென்று, அதனாலேயே பெரும் நாயகனாகி விடுகிறான். பின்னர் அவனையே வைத்துப் படம் இயக்கும் நிலை அவ்வியக்குநருக்கு வாய்க்கிறது. அவன் ஒத்துழைக்க மறுக்கவே, அவனறியாமல் அவனைப் படம்பிடித்துக் கதையை முடிக்கிறார்கள். நகைச்சுவை கலந்த படமாயினும் அத்திருட்டுக் காட்சி எங்கள் உள்ளத்தை உறுத்தியது. இப்பொருளையே அச்சமூட்டும் கதையாக்கினால் என்ன என்றார் எங்கள் நண்பர். அமெரிக்காவில் இராபர்ட் ஆல்ட்மன் 1992இல் 'தி பிளேயர்' என்னும் படத்தில் அவ்வாறு செய்திருந்ததைப் பின்னரே அறிந்தோம். எழுத்தாளர்களின் கதைகளைக் கேட்டுக் கைவிடும் திரைப்பட நிறுவன அலுவலர் ஒருவர், எழுத்தாளர் ஒருவரையே கொலை செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் கதை அது.

பொருள் இல்லாமல் படமெடுக்க இயலுமா என்று மலைத்தபோது, எங்கள் பேராசிரியர் 'அந்த நாள்' படத்தை நினைவூட்டினார். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட அப்படத்தில் பாடல் இல்லை, நடனம் இல்லை. ஒரு கொலையும், அதுபற்றிப் பலர் கூறும் வெவ்வேறு கூற்றுகளுமே படத்தைத் தாங்கி நிற்கின்றன. கதை வலிமையுடையதாயின் ஆடம்பரம் வேண்டுவதில்லை என்னும் துணிவு எங்களுக்குப் பிறந்தது.

நண்பர் நாற்பது பக்க நோட்டில் கதையை எழுதி முடித்தார். துணை இயக்குநன் ஒருவன் தன் கதையைத் தோழனிடம் சொல்கிறான். முடிவை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறான். தோழன் அக்கதையைத் தன்னுடையதென்று விற்றுவிடுகிறான். படம் வெளியாவதற்கு முந்தைய இரவில், அவன் கேட்டறியாத அம்முடிவு, ஒவ்வொரு வரியாக அவன் கைப்பேசிக்கு வரத் தொடங்குகிறது. இதனைக் கைப்பேசியிலேயே மூன்று இரவுகளில் படமாக்கினோம். 2022இல் திறக்கப்பட்ட மேடவாக்கம் மேம்பாலம் அப்பொழுது தூண்களாக மட்டுமே நின்றது; அத்தூண்களின் நிழலும், மாம்பாக்கம் சாலையில் கதவடைத்த தேநீர்க் கடையுமே எங்கள் படப்பிடிப்பு அரங்குகள். வாடகை விளக்கு, புரோட்டா, தேநீர் அனைத்துக்கும் சேர்த்து 3,400 ரூபாய் செலவாயிற்று.

படத்தொகுப்பு நடந்த வாரத்தில் தந்தையாரின் அறுவைச் சிகிச்சைக்காக நண்பர் ஊருக்குச் சென்றிருந்தார். கல்லூரிகளுக்கிடையிலான குறும்படப் போட்டிக்கு விண்ணப்பிக்க அதுவே இறுதி நாள். படிவத்தில் நான்கு பெயர்களுக்கே இடம் இருந்தது. ஐந்தாவது பெயரை அடுத்த வரியில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. படத்தின் தொடக்கத்திலும் 'கதை: நண்பர் குழு' என்றே பொறித்தோம். வள்ளுவரின் 'தீ நட்பு', 'கூடா நட்பு' அதிகாரங்களைத் தேர்வுக்காக மனனம் செய்தவர்கள்தாம் நாங்கள்!

இரண்டாம் பரிசு கிடைத்தது. அரங்கின் கடைசி வரிசையில் நண்பர் அமர்ந்திருந்ததை மேடையேறிய பின்னரே கண்டோம். அவரும் கைதட்டினார். வெளியே வந்தபோது, ஒலி நன்றாக அமைந்துள்ளது என்று மட்டும் கூறினார். பரிசுத் தொகை 5,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கை நீட்டினோம். அவர் பெறவில்லை, தம் நோட்டை மட்டும் கேட்டார். காட்சிப் பட்டியல் எழுதுவதற்காக நாங்கள் அதில் இரண்டு தாள்களைக் கிழித்திருந்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கூறாமல் பையில் வைத்துக்கொண்டார்.

சட்டம் என்ன கூறும் என்று பின்னர் தேடினோம். ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் தம் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைத் தழுவியே 1956இல் 'நியூ டெல்லி' என்னும் இந்திப் படம் எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். 1978இல் உச்ச நீதிமன்றம், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதனை வெளிப்படுத்தும் வடிவத்துக்கே உண்டு என்று கூறி அவ்வழக்கை ஏற்க மறுத்தது. நெறி தெளிவானதே. ஆயினும் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட கதைக்கு அது அரண் ஆகாது. எழுத்தாளர்கள் தம் சங்கத்தில் கதையைப் பதிவு செய்து வைப்பது அதனால்தான். எங்கள் நண்பரோ பதிவு செய்யவில்லை. எங்களிடம் சொன்னதையே பதிவென்று எண்ணியிருந்தார். எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் இத்தகைய ஒப்படைப்பை 'அமானிதம்' என்பர். பணத்தையும் நகையையும் மட்டுமே அச்சொல் குறிக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

இக்கட்டுரை எழுதுமுன் அவரைத் தேடிச் சென்றோம். இன்று அவர் ஒரு பள்ளியில் ஆசிரியர். பிழையை ஒப்புக்கொண்டு, மலரில் அவர் பெயரை வெளியிட இசைவு கேட்டோம். "மலரில் வேண்டாம், படத்தில் போடுங்கள்" என்றார். அவ்வாறே செய்துள்ளோம். இனி அப்படத்தைக் காண்போர் முதலில் காண்பது அவர் பெயரையே. எங்கள் பெயர்கள் இறுதியில் வரும்.

கிழித்த தாள்கள் இரண்டும் கிடைக்கவில்லை. பயிலும் தம்பி தங்கையரே, உங்களை நம்பி ஒருவர் கதை சொன்னால், படமெடுக்கும் முன்னரே அவர் பெயரை முதல் தாளில் எழுதிவிடுங்கள்.