பெரியதா, பொருந்துவதா?



இயந்திரங்களைப் பற்றி எழுத ஒரு பங்குக் குருவுக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. சிறு வயதில், நம் தந்தையார் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது நாம் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதுண்டு. நமது தகுதி அவ்வளவே. அந்தச் சிற்றறிவைப் பேரறிவென்று நம்பி நாம் கூறிய யோசனையால், ஓர் உழைப்பாளியின் சேமிப்பு வீணாகும் நிலை ஒருமுறை ஏற்பட்டது. அந்த நிகழ்ச்சியையே இங்கு எழுத முற்படுகிறோம்.

2015ஆம் ஆண்டில் நாம் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், லபக் நகருக்குத் தெற்கே பருத்தி வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் பணியாற்றிவந்தோம். அந்நாட்டில் டிரக் என்றால் நம் ஊர் லாரி மட்டும் அன்று. முன்னே சிலர் அமரும் அறையும், பின்னே திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட பிக்கப் வண்டியையும் அவ்வாறே அழைப்பர். நமது பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் 2003ஆம் ஆண்டு செவ்ரலே சில்வராடோ வண்டி ஒன்று இருந்தது. அவர் வெல்டிங் தொழிலாளி. வெல்டிங் இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு, எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த மிட்லண்ட் வட்டாரம் வரை சென்று வேலை செய்வார். வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. மனைவியோ நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். வண்டி நின்றால் அவ்வீட்டில் அடுப்பு எரியாது.

அவ்வண்டி ஓர் ஆகஸ்டு மாதத்தில் நின்றேவிட்டது. ரேடியேட்டர் நீர் கசிவதை அறிந்தும், "இன்னும் பத்து மைல்தானே" என்று அவர் ஓட்டியிருக்கிறார். எஞ்சின் கொதித்து, சிலிண்டர் ஹெட்டுகள் இரண்டும் வளைந்துவிட்டன. ஒன்றில் வெடிப்பும் கண்டது. அவர் கையில் இருந்ததோ 1,400 டாலர்.

"பாதர், எப்படியும் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அதோடு கேம்ஷாஃப்ட்டையும் மாற்றிவிட்டால் டிரெய்லரை இழுக்கும் வலுக் கூடும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று நம்மிடம் கேட்டார். புதிய கேம் போட்ட வண்டிகள் நின்ற நிலையில் எழுப்பும் அந்த உறுமல் ஓசையின்மீதும் அவருக்கு ஆசை இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

இவ்விரண்டு உறுப்புகளையும் பற்றிச் சிறிது விளக்குவது நலம். எஞ்சினின் உடலாகிய பிளாக்கில் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. அதன்மேல் மூடிபோல அமர்வதே ஹெட். காற்று உட்புகும் வழியும், புகை வெளியேறும் வழியும், அவற்றைத் திறந்து மூடும் வால்வுகளும், எரிபொருள் எரியும் சிறு குழியும் அதில்தான் உள்ளன. எந்த வால்வு எப்போது, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று ஆணையிடுவது கேம்ஷாஃப்ட். கேம் ஆணையிடும், ஹெட் நிறைவேற்றும். ஆணையும் நிறைவேற்றமும் ஒத்துப்போகாவிடில் வீட்டிலும் குழப்பம், எஞ்சினிலும் குழப்பம்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இந்த எஞ்சின் குடும்பம் 1997ஆம் ஆண்டு கார்வெட் காரில் அறிமுகமாகி, 1999ஆம் ஆண்டு முதல் டிரக்குகளில் 4.8, 5.3, 6.0 லிட்டர் என்னும் மூன்று அளவுகளில் வந்தது. இவை ஏராளமாகச் செய்யப்பட்டமையால், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் இவற்றின் உறுப்புகள் மலிவாகக் கிடைக்கும். ஒன்றின் ஹெட் மற்றொன்றின்மேல் பெரும்பாலும் உட்காரவும் செய்யும். வசதியும் அதுவே, ஆபத்தும் அதுவே.

ஒரு சனிக்கிழமை நாமும் அவருடன் அத்தகைய ஓர் இடத்திற்குச் சென்றோம். ஹெட்டின் ஓரத்தில் வார்க்கப்பட்டுள்ள எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைக் கொண்டே அவற்றை அடையாளம் காண்பர். 862 என்ற எண் கொண்ட ஹெட்டுகள் 5.3 லிட்டர் எஞ்சினிலிருந்து கழற்றப்பட்டவை. அவற்றின் உட்புகு வால்வு 1.89 அங்குல விட்டமுடையது. அருகே 317 என்ற எண்ணுடன் 6.0 லிட்டர் எஞ்சினின் ஹெட்டுகள் கிடந்தன. அவற்றின் வால்வு 2 அங்குலம், காற்று வழியும் அகலம். நமக்குத் தந்தையாரின் ஆயில் எஞ்சின் நினைவுக்கு வந்தது. "தம்பி, பெரிய வாசலில்தான் அதிகக் காற்று நுழையும். இதையே வாங்கு" என்று உறுதியாகக் கூறினோம். அவரும் 300 டாலர் கொடுத்து வாங்கிவிட்டார். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்பது அவ்விடத்து விதி.

அன்று மாலை, எஞ்சின் வேலையில் நாற்பது ஆண்டுகள் தேர்ந்த ஒரு பெரியவரின் பட்டறைக்கு அவற்றைக் கொண்டுசென்றோம். எண்ணைப் பார்த்ததும் பெரியவர் பெருமூச்சு விட்டார். பிறகு ஓர் அட்டைத் துண்டை எடுத்துக் கணக்கெழுதினார்.

"உன் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 666 கன செண்டிமீட்டர். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 78. அதில் 61 உன் பழைய ஹெட்டின் குழி. இக்கணக்கில்தான் காற்று ஒன்பதரை மடங்கு நெருக்கப்படுகிறது. இந்த 317 ஹெட்டின் குழியோ 71. மேலே மிஞ்சும் இடம் 88 ஆகிவிடும். நெருக்கம் எட்டரைக்கு இறங்கிவிடும்."

"ஒரு மடங்கு குறைந்தால் என்ன?" என்று நாம் கேட்டோம்.

"கேமை மாற்றாவிட்டாலே நட்டம்; மாற்றினால் இரட்டை நட்டம், பாதர்" என்றார் அவர். அவர் விளக்கிய விதம் இன்றும் நம் நினைவில் உள்ளது. வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் உட்புகு வால்வை மூடாமல் வைத்திருக்கும். வேகமான ஓட்டத்தில் காற்று தன் விசையாலேயே உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும், ஆதலால் நன்மையே. மெதுவான ஓட்டத்திலோ, உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். பாரம் இழுக்கும் வண்டிக்கு வலு தேவைப்படுவது அந்த மெதுவான ஓட்டத்தில்தான். அங்கே கேம் சிறிது பறித்துக்கொள்ள, பெரிய குழி மேலும் பறித்துக்கொள்ளும். வழி அகலமானால், மெல்ல ஓடும்போது காற்றின் விரைவும் குறையும்.

நமக்கு வெட்கமாக இருந்தது. இளைஞர் ஒன்றும் பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிழை நம்முடையது, அந்த 300 டாலரை நாம் தருகிறோம்" என்றோம். அவர் மறுத்துவிட்டார்.

பெரியவர் வேறு வழிகளையும் எடுத்துரைத்தார். 243, 799 என்னும் எண்களுடைய ஹெட்டுகள் மிகச் சிறந்தவை. 2 அங்குல வால்வும், 64 அல்லது 65 கன செண்டிமீட்டர் குழியும் உடையவை. அவற்றின் அடிப்பரப்பை அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு அளவு சீவினால் குழி 61க்கு வந்துவிடும். ஆனால் எல்லாரும் தேடுவதால் அவற்றின் விலை அதிகம். சீவும் கூலி வேறு. அவற்றினும் பெரிய சதுர வாய் ஹெட்டுகள் 4 அங்குலச் சிலிண்டருக்கு உரியவை, 3.78 அங்குலமுள்ள இந்தப் பிளாக்கில் அவற்றின் வால்வு ஓரத்தில் இடிக்கும். 706 என்ற எண்ணுடையவை 862க்கு இணையே. ஆயினும் அவற்றுள் சிலவற்றில் போல்ட் துளையருகே நுண்ணிய வெடிப்பு உண்டாகும். எனவே எந்த ஹெட்டையும் அழுத்தச் சோதனை செய்யாமல் பூட்டலாகாது.

"உன் பணத்துக்கும் உன் வேலைக்கும் ஏற்றது, வெடிப்பில்லாத 862தான்" என்று முடித்தார். அன்று காலையில் நாம் அற்பமென்று ஒதுக்கிய அதே ஹெட்!

மீதிப் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதையும் அவரே வகுத்துக் கொடுத்தார். பழைய கேம் வால்வை அரை அங்குலத்திற்கும் குறைவாகவே தூக்கும். புதியது அதற்கு மேல் தூக்கும். ஆகவே பழைய ஸ்பிரிங்குகள் தாங்கா. புதியவை கட்டாயம் வேண்டும். ஒருமுறை முறுக்கிய ஹெட் போல்ட்டுகள் நீண்டுவிடுவதால் மறுமுறை பயன்படா. 2004ஆம் ஆண்டுக்கு முந்தைய பிளாக்குகளில் பெரிய போல்ட்டுகள் இரண்டு நீளங்களில் உள்ளன என்பதையும் கவனிக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றினால்தான் லிஃப்டர்களை வெளியே எடுக்க முடியும். ஆதலின் அவற்றையும் இப்போதே மாற்றுவது சிக்கனம். எஞ்சினின் கணினிக்குப் புதிய கேமை அறிவித்துத் திருத்தி அமைக்கவும் ஒரு தொகை வேண்டும். கேமைப் பொறுத்தவரை, உறுமும் பெரிய கேம் வேண்டாம் என்றார். 191 டிகிரி அளவுள்ள பழையதைவிடச் சற்றே கூடுதலாக, 210 டிகிரியை ஒட்டிய மிதமான கேம் போதும் என்றார். இளைஞரின் முகம் சிறிது வாடியது. பிறகு, "டிரெய்லர் இழுத்தால் போதும்" என்று அவரே கூறினார்.

அந்த 317 ஹெட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டர்போ கருவி பூட்டிக் காற்றைத் திணிக்கும் எஞ்சினுக்கு நெருக்கம் குறைவாக இருப்பதே நலமாம். அத்தகைய எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் 260 டாலர் கொடுத்து மகிழ்ச்சியோடு வாங்கிச் சென்றார். ஆக, அந்த ஹெட்டில் குற்றம் எதுவுமில்லை. அதைத் தவறான இடத்திற்குத் தேர்ந்தெடுத்த நம்மிடம்தான் குற்றம் இருந்தது.

பூட்டும் நாட்களில் நாம் மீண்டும் விளக்குப் பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டோம். போல்ட் துளைகளில் தேங்கிய நீரையும் எண்ணெயையும் இளைஞர் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தார். அத்துளைகளின் அடி அடைபட்டது. நீர் இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் பிளாக்கே பிளந்துவிடும். பிஸ்டனின்மேல் களிமண் உருண்டையை வைத்து, ஹெட்டை அமர்த்தி, எஞ்சினைக் கையால் இருமுறை சுழற்றி, மீண்டும் கழற்றிக் களிமண்ணில் வால்வு பதிந்த தடத்தை அளந்தனர். அது ஆயிரத்தில் எண்பது பங்குக்குக் குறையக்கூடாது என்பது பெரியவரின் கண்டிப்பு. போதிய இடைவெளி இருந்தது.

செப்டம்பர் இறுதியில் வண்டி ஓடியது. உறுமல் ஓசை மிகச் சிறிதளவே கேட்டது. ஆனால் வெல்டிங் இயந்திரத்தோடு சரிவில் ஏறும்போது முன்புபோல் திணறவில்லை. அக்டோபரில் ஒரு நள்ளிரவில், மனைவியை அந்த வண்டியிலேயே லபக் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். ஆண் குழந்தை பிறந்ததாக விடியற்காலையில் நமக்குத் தொலைபேசி வந்தது.

அன்று முதல், யாரேனும் நம்மிடம் யோசனை கேட்டால் நாம் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறோம்: உன்னிடம் ஏற்கெனவே இருப்பது என்ன? நீ இழுக்க வேண்டிய பாரம் எது? இவ்விரண்டுக்கும் விடை தெரியும்வரை, பெரியது எது என்று நாம் சொல்லத் துணிவதில்லை.