ஐந்தாவது தோட்டா

நாம் இளங்கலை இரண்டாமாண்டு பயின்ற காலம். 1993ஆம் ஆண்டின் இறுதியில் தேசிய மாணவர் படையின் பத்து நாள் முகாமில் கலந்துகொண்டோம். ஆறாம் நாள் துப்பாக்கி சுடும் பயிற்சி. அந்த ஒரு நாளுக்காகவே ஏனைய நாள்களின் வெயிலையும் வேகாத சப்பாத்தியையும் பொறுத்துக்கொண்டோம் என்றால் மிகையன்று.

நமக்குத் தரப்பட்டது .22 ரைஃபிள். அதன் தோட்டாவை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. சுண்டுவிரலில் பாதிதான் இருந்தது. முனையிலிருந்த ஈயக் குண்டின் எடையோ இரண்டரை கிராமுக்குச் சற்றே மேல். "காக்கை விரட்டும் துப்பாக்கி" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நாமும் உடன் நகைத்தோம்.

1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய தோட்டா அது. அதன் வரம்பு அதன் அடிவிளிம்பிலேயே அமைந்துள்ளது. பெரிய தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பகுதியின் நடுவே தனிக் குமிழாக இருக்கும். இதிலோ விளிம்பின் மடிப்புக்குள் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்க வேண்டும். நசுங்க வேண்டுமாயின் தகடு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய தகடு மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே மருந்தும் குறைவு, வேகமும் குறைவு: நொடிக்கு 330 முதல் 380 மீட்டர், ஏறத்தாழ ஒலியின் வேகம். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியால் 100 மீட்டரில் சுட்டால் குண்டு ஏறத்தாழ அரை அடி தாழ்ந்துவிடும். மிதமான பக்கக்காற்றே அதே தொலைவில் அதனை நான்கைந்து அங்குலம் ஒதுக்கிவிடும். 150 மீட்டருக்கு அப்பால் இதனைக் கொண்டு குறிபார்ப்பது பெரும்பாலும் நப்பாசைதான்.

எனினும் தன் எல்லைக்குள் அதன் நேர்மை வியப்பிற்குரியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இவ்வகைத் தோட்டாவால்தான். 50 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர்!

நம் இலக்கு அன்று 25 மீட்டரில் இருந்தது. அதன் பின்னே மண்மேடு. குப்புறப் படுத்து நான்கு தோட்டாக்களைச் சுட்டோம். ஐந்தாவதை ஏற்றிய பின், முழங்கையை உறுத்திய கல்லை அகற்ற எண்ணிச் சற்றே புரண்டோம். விரல் விசையின் மேலேயே இருந்தது. குழல் உயர்ந்த அக்கணத்தில் தோட்டா வெடித்தது.

தாளில் நான்கு துளைகளே இருந்தன. "ஒன்று தவறிவிட்டது, ஐயா" என்றோம், மதிப்பெண் குறைந்த வருத்தத்தோடு.

"தவறியது சரி. எங்கே போயிற்று தம்பி?" என்றார் பயிற்சியளித்த ஹவில்தார்.

நாம் மண்மேட்டைக் காட்டினோம். அவர் அதற்கு மேலிருந்த வானத்தைக் காட்டினார். பயிற்சியை நிறுத்திவிட்டு, தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்த எச்சரிக்கையைப் படிக்கச் செய்தார். ஒன்றரை மைல் வரை ஆபத்து என்றிருந்தது. குறி தவறாது சுடும் தொலைவு வேறு, குண்டு சென்று விழும் தொலைவு வேறு என்பது அதுவரை நம் சிந்தையில் எழவே இல்லை. 150 மீட்டரில் முடிந்துவிடுவது சுடுபவனின் திறமை மட்டுமே. குண்டு அதன் பிறகும் போய்க்கொண்டிருக்கிறது.

மண்மேட்டைச் சுற்றி அப்பால் நடந்தோம். ஹவில்தார் ஒன்றும் பேசவில்லை. நாம் அடிகளை எண்ணினோம். முந்நூற்றுச் சொச்சம் அடியில் ஓர் ஒற்றையடிப் பாதை. அங்கே சீமைக்கருவேலின் நிழலில் மூதாட்டி ஒருவர் விறகுக் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். அருகே இரண்டு ஆடுகள். யாருக்கும் எதுவும் நேரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நா தானாக மொழிந்தது. கால்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

தரையையே பார்த்து நின்ற நம்மை அவர் ஏறிட்டு நோக்கினார்.

"என்னத்தத் தொலைச்சீங்க தம்பி?" என்றார்.

நாம் விடை கூறவில்லை. விறகுக் கட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.