மார்கழியில் அவிழ்க்க வேண்டிய கம்பி

மார்கழி, தை இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வீட்டில் பார்க்க முடியாது. அம்பத்தூரில் எங்கள் பகுதிப் பூங்காவில் ஏழெட்டுப் பேர் களைக்கொத்தோடு நிற்போம். சம்பளம் கிடையாது, முடிந்ததும் ஆளுக்கொரு டீ. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போதுதான் பார்த்தீனியம் வேரோடு கையில் வரும். பூத்து விதை கொட்டியபின் பிடுங்கிப் பயனில்லை. கையுறை கட்டாயம், இல்லாவிட்டால் அரிப்பு தாங்காது.

2016 டிசம்பர் 12-ல் வீசிய வார்தா புயல் சென்னை முழுக்க மரங்களைச் சாய்த்தது. எங்கள் பூங்காவின் நிழலும் அன்றோடு போயிற்று. அடுத்த மழைக்குப் புங்கன், வேம்பு, மகிழம் நட்டோம். காற்றில் ஆடாமல் இருக்கக் குச்சி ஊன்றி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியது நான்தான். அவிழ்க்க மறந்ததும் நான்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தோம். மாடி உயரம் வளர்ந்த ஒரு புங்கன் இடுப்பளவில் முறிந்து கிடந்தது. முறிந்த இடத்தில் பட்டைக்குள் என் கம்பி. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி அதை நெரித்தால் மேல்பக்கம் வீங்கும், கட்டிய இடம் பலவீனமாகும். வயலில் வளர்ந்தவனுக்கு இது தெரியாதா என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அந்தத் தை மாதம் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பேருந்து மாறி, அடையாறு முகத்துவாரம் அருகே உள்ள தொல்காப்பியப் பூங்காவைப் பார்த்து வந்தோம். 58 ஏக்கர். குப்பை கொட்டிக் கிடந்த உப்பங்கழியைச் சீரமைத்து 2011-ல் திறந்தார்கள். நம் கடற்கரைச் சமவெளிக்கே உரிய மரங்கள், அலையாத்திச் செடிகள் எல்லாம் அங்கே நட்டு வளர்த்தவை. நான் அதிக நேரம் நின்றது மரத்தடிகளில். உதிர்ந்த இலை அப்படியே மூடாக்காகக் கிடந்தது. நாங்களோ அதுவரை சருகைக் கூட்டி எரித்துக்கொண்டிருந்தோம்!

இப்போது சருகு மரத்தடிக்கே போகிறது, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. புதுக்கன்றுக்குக் கம்பி இல்லை. கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றுகிறோம், கன்று தானாக நின்றதும் குச்சியையும் எடுத்துவிடுகிறோம். பழைய மரங்களில் கம்பி புதைந்த இடத்தைத் தோண்டுவதில்லை. வெளியே தெரிவதை மட்டும் வெட்டுகிறோம். வேலிப்பக்கம் இன்னும் பதினோரு மரம் பாக்கி.