நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பட்டை வேலை

நாமக்கல்லைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், லாரிகளுக்குக் கூடு கட்டும் பாடி பட்டறைகளுக்கும் டயர் கடைகளுக்கும் இடையே, பட்டை வேலையை மட்டுமே தொழிலாகக் கொண்ட சிறு பட்டறைகள் இருக்கின்றன. வாசலில் சாய்த்து வைக்கப்பட்ட பழைய எஃகுப் பட்டைகளே அவற்றுக்கு அடையாளம். பட்டை என்பது சேசிஸின் பாரத்தை அச்சுக்கு இறக்கும் வளைந்த எஃகுத் தகடு. நீளம் படிப்படியாகக் குறையும் பல தகடுகளை அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் கோத்து, யு-போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கினால் அது ஒரு செட் ஆகிறது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்து இரு முனைகளிலும் கண் போலச் சுருட்டப்பட்டிருக்கும் நீளமான தகட்டை மெயின் பட்டை என்பர்.

வண்டியை உயர்த்தித் தரவேண்டும் என்று வருகிற உரிமையாளர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது புதிய உயரமன்று, இழந்துபோன பழைய உயரமே. ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த எஃகு தன் வளைவில் ஒரு பகுதியை நிலையாக இழந்துவிடுகிறது. “பட்டை உட்காந்துருச்சுங்க” என்று மேஸ்திரி சொல்வது இதைத்தான். ஆகவே தேர்ந்த மேஸ்திரி வண்டியைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, இரு பக்கமும் அச்சிலிருந்து சேசிஸ் வரையுள்ள இடைவெளியை அளந்து, ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் முதலில் உடைந்த பட்டையைத் தேடுகிறார். அந்த ஒரு பட்டையை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு. உயர்த்தும் வழிகளில் இதைவிடச் சிக்கனமானது வேறில்லை.

வளைவை மீட்கும் வேலை உடலுழைப்பு மிகுந்தது. சேசிஸை ஜாக்கியால் தூக்கிக் கட்டைகளின் மேல் நிறுத்திய பிறகு, துருவேறிச் சுழல மறுக்கும் யு-போல்ட்டுகளைக் கேஸ் வெட்டியால் அறுத்து, செட்டை இறக்கிப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கம்பித் தூரிகையால் தேய்த்து வெடிப்பு உண்டா என்று பார்க்கின்றனர். பின்னர் தேவையான வளைவைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துகொண்டு, பட்டையின் குழிந்த பக்கம் மேலே இருக்குமாறு நடுவில் இடைவெளியுள்ள தாங்கியின்மேல் வைத்து, ஒருவர் பட்டையைச் சிறிது சிறிதாக நகர்த்த, மற்றவர் சம்மட்டியால் அடிக்கிறார். அடி ஓரிடத்தில் குவிந்தால் பட்டை வில்லாக வளையாமல் முழங்கையாக மடங்கிவிடும் என்பதால், நகர்த்துபவரின் கைக்கணக்கே இங்கு முதன்மையானது. கூலியில் மட்டும் அவர் இன்னமும் ஹெல்பர்.

இம்முறைக்கு ஒரு வரம்பு உண்டு. பாரம் ஏறும்போது இழுவிசைக்கு உள்ளாவது குழிந்த பக்கமே. சம்மட்டி விழுவதும் அதே பக்கத்தில்தான். கூர்விளிம்புள்ள சம்மட்டி விட்டுச்செல்லும் தழும்பு வெடிப்பின் தொடக்கமாகலாம் என்பதால் உருண்ட முகமுள்ள சம்மட்டியே ஏற்றது. மேலும், குளிர்நிலையில் அடித்து வளைத்த பட்டை அடி நின்றதும் சற்றே திரும்பி நிமிர்கையில் அந்தப் பக்கத்தில் இழுவிசை எச்சமாகத் தங்குகிறது. பாரத்தின் விசையும் அதனோடு சேர்வதால் பட்டை மீண்டும் விரைவில் உட்காருகிறது. உலையில் செந்நிறமாகக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பிறகு மிதமான வெப்பத்தில் பதப்படுத்தினால் வளைவு நிலைக்கும். காய்ச்சி வளைத்ததோடு அப்படியே ஆறவிட்டால் சுருள்வில் எஃகின் பதம் போய்விடும். இது காய்ச்சாமல் விடுவதைவிடக் கேடு.

செட்டில் கூடுதல் பட்டை சேர்ப்பது இன்னொரு வழி. இதில் உயரத்தோடு விறைப்பும் ஏறுகிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 10 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே நீளமும் அகலமும் கொண்ட 12 மி.மீ. பட்டையை இட்டால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறத்தாழ 73 விழுக்காடு கூடிவிடும். வெறும் வண்டி குதிக்கும், அதிர்ச்சி ஓட்டுநரின் முதுகுக்கும் சேசிஸின் ரிவெட்டுகளுக்கும் போகும். பட்டை கூடினால் பாரமும் கூடலாம் என்னும் நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. 2018-இல் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டபோதும் கணக்கிடப்பட்டது அச்சும் டயரும்தான், பட்டையின் எண்ணிக்கையன்று. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறான மாற்றங்களை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதையும் இங்கு நினைக்க வேண்டும்.

அச்சுக்கும் பட்டைக்கும் இடையே உலோகக் கட்டை வைத்து நீளமான யு-போல்ட்டால் இறுக்குவது பின் அச்சுக்குச் செலவு குறைந்த முறை, விறைப்பும் மாறாது. எனினும் கட்டையின் உயரம் கூடக்கூட, வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு பட்டையை முறுக்கும் விசை கூடும். கட்டைமேல் கட்டை அடுக்குவதும் முன் அச்சில் கட்டை வைப்பதும், விலை எவ்வளவு மலிவானாலும், ஏற்கத்தக்கவையல்ல. பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டினால், நீட்டிய அளவில் ஏறத்தாழப் பாதியே உயரமாகக் கிடைக்கிறது; முன்பக்கம் இதைச் செய்தால் அச்சின் சாய்வு மாறி ஸ்டியரிங் நேரே நிற்க மறுக்கும்.

அதிகம் மறக்கப்படுவது பிரேக். பல வண்டிகளில் சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளியை ஒரு நெம்புகோல் வழியாக உணர்ந்து, பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. வண்டியை உயர்த்திவிட்டு நெம்புகோலைப் பழைய இடத்திலேயே விட்டால், முழுப் பாரத்தோடு போகும் லாரியையும் வால்வு பாதி வெறும் வண்டியாகவே கணக்கிட்டுப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பட்டறைக்காரர் பிரேக் மெக்கானிக்கைக் கைகாட்டுவார். உரிமையாளர் லோடுக்கு நேரமாகிறது என்பார். அறுத்தெறிந்த பழைய யு-போல்ட்டுகளுக்குப் பதிலாகப் போட்ட புதியவற்றை முதல் பாரம் ஏற்றி ஓடிய பிறகு மீண்டும் இறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாலும், அதற்காகவே திரும்பி வருகிற வண்டிகள் சிலவே.