தானா அணைஞ்சு எழும்பும் லேப்டாப்

எங்க கடையநல்லூர் பக்கம் லேப்டாப் தானா அணைஞ்சு எழும்பினா, "கரண்ட் சரியில்ல" என்பதுதான் முதல் தீர்ப்பு. லோ வோல்டேஜில் பம்புசெட் மோட்டார் படுகிற பாட்டைப் பார்த்த பழக்கம். ஆனா லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்க: பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்னு போட்டிருக்கும்.

2011-ல அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் எங்க தெருவுக்கு லேப்டாப் வந்துச்சு. அண்ணன் மகள்கிட்ட இருக்கிறதும் அந்தத் திட்டத்துல வந்ததுதான். ப்ராஜெக்ட் அடிக்கையில அணைஞ்சு அணைஞ்சு எழும்பிச்சு. "போர்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்றார் கடைக்காரர். பிசான நெல் வித்த காசோ உரக்கடைப் பாக்கிக்கே காணாது.

"எப்பம்மா அணையுது?"

"அரைமணி நேரம் ஓடினா அணையுது சித்தப்பா. மெத்தை மேல வச்சா சீக்கிரமே."

அப்போ சூடுதான். மெத்தை அடியிலுள்ள காத்து வழியை அடைக்கும். சூடு எல்லை தாண்டினா மெஷின் தன்னைக் காப்பாத்த நின்னுரும், ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகிற மாதிரி. சார்ஜரையும் பேட்டரியையும் கழட்டிட்டு அடிமூடியைத் திறந்தா, ஃபேன்ல அறுப்புத் தூசி அப்பிக் கிடந்துச்சு. பிரஷால தட்டி எடுத்தோம். இப்போ மேசை மேல வச்சு மணிக்கணக்கா அடிக்கா.

சூடேறாமலே அணைஞ்சா ராம், டிரைவர் கோளாறா இருக்கலாம். விண்டோஸ் செட்டிங்கில் தானா ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தி வச்சா, நீலத்திரை வரும்போது பிழையின் பேர் நிக்கும், குறிச்சுக்கலாம்.

கடைக்குத் தூக்குமுன்னே, எப்போ அணையுதுனு ரெண்டு நாள் கவனிங்க.